புல்லில் கிடந்த நீல மெத்தை

அத்தியாயம் ஏழு

ஒரு வழக்கை முடித்த மறுநாள் துப்பறிவாளர் வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்குவது வழக்கம். அன்றோ விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்து, சட்டையில் அறுந்துபோன பொத்தானைத் தைக்கிறேன் என்று விரலைக் குத்திக்கொண்டிருந்தார்.

"தையல் சட்டைக்கா, விரலுக்கா?" என்று கேட்டபடி உள்ளே வந்தார் கண்டக்டர்.

கண்டக்டர் என்பது இப்போது வெறும் பட்டப்பெயர். காலமெல்லாம் பேருந்தில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதை மனைவி அனுமதிக்காததால் துப்பறிவாளரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். வயதில் மூத்தவர் என்பதால் முதலாளியைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். முதலாளியும் அவரை 'அண்ணே' என்பார்.

"அண்ணே, நேத்து அந்தம்மா ஏன் ஒரு வார்த்தகூடப் பேசல?"

"பேசறதுக்கு நீங்க எங்க நிறுத்தினீங்க? நேத்து நீங்க பிரேக் இல்லாத வண்டி."

துப்பறிவாளர் ஊசியைக் கீழே வைத்தார்.

நேற்று கால்பந்து கிளப்பின் கூட்ட அறையில், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, அவர் ஒரு பெண்ணின் வலக்கையைச் சுட்டிக்காட்டி, "எதிரணிக்கு விலைபோன கை இதுதான்" என்று சொல்லியிருந்தார். அந்த வாக்கியத்தை முதல்நாள் இரவே யோசித்து வைத்திருந்தார். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தும் இருந்தார். இப்போது அதை நினைத்தால்தான் காது மடல் சுட்டது.

நடந்தது இதுதான். கோப்பைக்கான அரையிறுதி ஆட்டம். முன்பு ஒரு ஆட்டத்தில் ரசிகர்கள் பாட்டில் வீசியதற்குத் தண்டனையாக, அதை ஆளில்லாத அரங்கில் நடத்தினார்கள். ஊரே வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தது, துப்பறிவாளரும் பார்த்தார். தூறிக்கொண்டிருந்தது. உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, கடைசி நிமிடத்தில் ஒரு பெனால்டி கிடைத்தது. பத்தாம் நம்பர் ஆட்டக்காரன் ஓடிவந்தான். அவன் உதைக்கும் கணத்தில், வலைக்குப் பின்னால் இருந்த மின்விளம்பரப் பலகை முழுக்க வெள்ளையாக எரிந்தது. பந்து கம்பத்துக்கு மேலே போய், காலி இருக்கைகளுக்கு நடுவே தொலைந்தது.

பெனால்டி உதைக்கும்போது கோலுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் எதுவும் அசையக்கூடாது, மின்னக்கூடாது. இருப்பதிலேயே இருட்டான விளம்பரத்தைப் போட்டு அப்படியே நிறுத்திவைக்க வேண்டும். அது பலகையை இயக்குபவரின் வேலை. இயக்கியவர், மைதானத்தில் எல்லோரும் 'போர்டு அக்கா' என்று கூப்பிடும் பெண். கிளப்பின் செயலாளர் துப்பறிவாளரை வரவழைத்தார். ஆட்டத்துக்கு முன் போர்டு அக்கா எதிரணி மேனேஜரோடு சிரித்துப் பேசியதை ஒருவர் பார்த்திருந்தார். பொத்தான்கள் இருந்த அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. துப்பறிவாளருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அந்தப் பெண் மறுக்கவில்லை. தன் கையையே, அது யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் ரசிகர் சங்கத்தின் சார்பில் அமர்ந்திருந்த அவளுடைய அப்பா எழுந்து, மகளைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்.

"திருடினவன் கைய மறைப்பான் அண்ணே. இவங்க ஏன் கைய பாத்தாங்க?"

"இந்தக் கேள்வி நேத்தே வந்திருந்தா இன்னிக்கு எனக்கு லீவு கிடைச்சிருக்கும்." கண்டக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சாயந்திரம் நிர்வாகக் குழு கூடுது தெரியுமில்ல? இனிமே எந்த மைதானத்துலயும் அவங்க கால் வைக்கக் கூடாதுன்னு தடை போடப் போறாங்க. வீட்டுல அப்பாவும் பேசறதில்லையாம். கிளப் வாட்ச்மேன் சொன்னான்."

துப்பறிவாளர் சாட்சிகள் பேசிய ஒலிப்பதிவுகளை மறுபடி ஓடவிட்டார். அணித்தலைவன் குரல்: "வெள்ளத் துணிய உதறின மாதிரி இருந்துச்சு சார்." அடுத்து ஒரு தடுப்பாட்டக்காரன்: "சட்டுன்னு, வெள்ளத் துணிய உதறின மாதிரி." மாற்று ஆட்டக்காரனும் துணியைத்தான் உதறினான்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றார் கண்டக்டர். "எல்லாரும் ஒரே லாண்டரியில வேல பாக்கறாங்களா என்ன? ஒரு காலேஜ் பசங்க கூட்டம் என் வண்டியில இப்படித்தான் ஏறும். பாஸ் எங்கடான்னா, 'வீட்டு மேசை மேல இருக்கு'ம்பானுங்க. எல்லா வீட்டுலயும் ஒரே மேசை!"

துப்பறிவாளர் ஆட்டத்தின் தொலைக்காட்சிப் பதிவைத் திறந்தார். பத்தாம் நம்பர் ஓடிவருகிறான். பலகை வெள்ளையாகிறது. வர்ணனையாளர் கத்துகிறார்: "ஐயோ! வெள்ளைத் துணியை உதறியது போல!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவங்க மைதானத்துல பாத்தத சொல்லல" என்றார் துப்பறிவாளர் மெதுவாக. "வீட்டுக்குப் போய் டிவியில பாத்தத சொல்லியிருக்காங்க. அந்த நேரத்துல எல்லார் கண்ணும் பந்து மேலதான இருந்திருக்கும்."

"சரி, டிவியில பாத்தாலும் வெள்ள வெள்ளதான?"

துப்பறிவாளர் பதிவைப் பின்னுக்கு இழுத்தார். மறுபடி ஓடவிட்டார். மறுபடி. பிறகு வெள்ளை வந்த இடத்தில் நிறுத்தினார். சின்ன வயதில், மழை பெய்த சாலையில் கடை விளக்குகள் தலைகீழாக எரிவதை வேடிக்கை பார்த்துக்கொண்டே பள்ளிக்குத் தாமதமாகப் போனவர் அவர். இன்றும் அவருடைய கண் முதலில் தரைக்குத்தான் போகும். நேற்று மட்டும் ஏனோ போகவில்லை.

"பலகைய பாக்காதீங்க. புல்ல பாருங்க."

கண்டக்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். பலகை பகல்போல் வெள்ளையாக இருந்தது. அதன் அடியில், தூறலில் நனைந்த புல்லில், கரும் நீலம் பரவியிருந்தது. நீலத்தின் நடுவே மஞ்சளாக ஒரு தீற்றல்.

"இது அந்த மெத்தை விளம்பரமாச்சே! நீல ராத்திரி, மேல மஞ்சள் நிலா. என் பொண்டாட்டி அதப் பாத்துட்டுத்தான் மெத்த கேட்டா."

"போர்டுல வெள்ள. போர்டோட நிழல்ல மெத்த."

"அப்போ ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது."

"புல்லு பொய் சொல்லி அதுக்கு என்ன ஆகப்போகுது?" என்று எழுந்தார் துப்பறிவாளர். பொத்தான் நூலில் தொங்கியது. அவர் கவனிக்கவில்லை.

*

பலகையை இயக்கும் அறை அரங்கின் உச்சியில், கூரைக்கு அடியில் இருந்தது. படியேறி முடிக்கும்போது கண்டக்டருக்கு மூச்சு வாங்கியது. "டபுள் டெக்கர்லகூட இவ்வளவு படி கிடையாது" என்றார்.

போர்டு அக்கா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டில், ஒரு குடை, ஒரு ஸ்வெட்டர் எல்லாம் ஒரு பைக்குள் போயிருந்தன. துப்பறிவாளரைக் கண்டதும் அவள் வலக்கை தானாகவே மேசைக்கு அடியில் போனது. அதைப் பார்த்து அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னும் என்ன சார்? சாவி வேணுமா? புதுசா வர்றவர்கிட்ட குடுத்துடறேன்."

"இல்லம்மா. ஒண்ணு கேக்கணும்."

"நேத்து கேக்காதது இன்னிக்கு என்ன?"

அது கேள்வி மாதிரி இல்லை. கண்டக்டர் குறுக்கே புகுந்தார். "தங்கச்சி, இவரு மேல கோவம் நியாயம்தான். ஆனா நான் படியேறி வந்திருக்கேன் பாருங்க, இந்த முழங்காலுக்காகவாவது பதில் சொல்லுங்க."

அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு அதற்கு மேல் வரவில்லை.

துப்பறிவாளர் ஜன்னல் அருகே போனார். மைதானம் முழுக்கத் தெரிந்தது, ஒரு மூலையைத் தவிர. பெனால்டி உதைக்கப்பட்ட கோலை ஒரு தடித்த கான்கிரீட் தூண் மறைத்திருந்தது.

"அந்த கோல் பக்கத்துப் பலகை இங்கேருந்து தெரியாதா?"

"தெரியாது. அந்தப் பக்கத்த இந்த டிவியிலதான் பாப்பேன்." சுவரில் மாட்டியிருந்த சின்னத் தொலைக்காட்சியைக் காட்டினாள். "பெனால்டின்னதும் மெத்தை விளம்பரத்தப் போட்டு நிறுத்துவேன். அதுதான் இருக்கறதுலயே இருட்டு. அன்னிக்கும் அதத்தான் போட்டேன். போட்டேன்னுதான் நெனச்சேன். அப்புறம் டிவிய பாக்கறேன், வெள்ளையா இருக்கு."

"அப்போ ஏன் நேத்து சொல்லல? நான் செய்யலன்னு?"

அவள் துணியை மடித்து மேசை ஓரத்தில் வைத்தாள்.

"என்னன்னு சொல்றது சார்? மெத்தை பட்டனுக்குப் பக்கத்துலதான் வெள்ளைக்கான பட்டன். பலகைல பல்பு செத்திருக்கான்னு பாக்கறதுக்கு. விரல் தவறிடுச்சுன்னுதான் நானே நம்பிட்டேன். நீங்க விலைபோன கைன்னு சொன்னீங்க. விலைபோகல. ஆனா அழுத்தினது இந்தக் கைதான்னு நெனச்சேன். பாதி உண்மையா இருக்கறப்போ மீதிக்கு எப்படிச் சண்ட போடறது?" குரல் தணிந்தது. "எங்கப்பாவுக்கு இந்த டீம்தான் உசிரு. அவர் கண்ணால பாத்திருக்காரு. நான் என்ன சொல்ல?"

"எதிரணி மேனேஜர்கிட்ட சிரிச்சுப் பேசினது?"

"அவர் குடை உள்பக்கமா திரும்பிக்கிச்சு. சிரிப்பு வராதா?"

கண்டக்டர் துப்பறிவாளரைப் பார்த்தார். பல வருடம் பார்த்த பார்வை அது, டிக்கெட் இருக்கிறதா என்று கேட்கும் பார்வை. துப்பறிவாளரிடம் இல்லை.

"இப்போ அந்தப் பலகைய எரியவிட முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"பகல்ல கரண்ட் குடுக்க மாட்டாங்க. சாயந்திரம்தான் ஜெனரேட்டர் போடுவாங்க."

*

இன்னொரு அரையிறுதி அதே மைதானத்தில் நடக்க இருந்ததால் தொலைக்காட்சி நிறுவனத்தின் பெரிய வேன் வண்டி நிறுத்துமிடத்திலேயே நின்றது. உள்ளே குளிரூட்டியின் சத்தத்தில் ஒரு பொறியாளன் தனியாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

துப்பறிவாளர் தன் கைப்பேசியில் நிறுத்திவைத்த படத்தை அவன் முன் நீட்டினார். விரலால் புல்லை மட்டும் தொட்டார்.

அவன் மென்றுகொண்டிருந்தது பாதியில் நின்றது.

"தம்பி, முழுங்கிட்டுப் பேசுங்க" என்றார் கண்டக்டர். "விக்கிக்கிச்சுன்னா அந்தப் பழியும் போர்டு அக்கா மேல வந்துடும்."

"சார், எனக்கு ஒண்ணும் தெரியாது."

"டிவியில வந்த வெள்ள, மைதானத்துல இல்ல. சரியா?"

அவன் எழுந்து வேனின் கதவைச் சாத்தினான். பிறகு தணிந்த குரலில் சொன்னான். நிறுவனம் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருந்தது. மைதானத்துப் பலகையில் ஓடும் விளம்பரத்தின் மேல் வேறொரு விளம்பரத்தை ஒட்டி, வீட்டில் பார்ப்பவர்களுக்கு மட்டும் காட்டும். ஊருக்கு ஊர் வேறு விளம்பரம் விற்கலாம். அன்று முதல் சோதனை. யாருக்கும் வித்தியாசம் தெரியக்கூடாது என்று, பலகையில் எது இருக்கிறதோ அதே படத்தையே அதன் மேல் ஒட்டிப் பார்த்தார்கள்.

"மெத்தை மேல மெத்தை" என்றார் கண்டக்டர். "தூங்கறதுக்கு சொகமா இருந்திருக்குமே?"

"நல்லாத்தான் இருந்துச்சு. பெனால்டி அப்போ எங்க படம் லோட் ஆகாம காலியா போயிடுச்சு. காலின்னா வெள்ள. மைதானத்துல பலகை இருட்டாத்தான் இருந்துச்சு சார். எங்க படம்தான் வெள்ளையாச்சு. எங்களுக்குப் பலகைய மட்டும்தான் மறைக்கத் தெரியும். புல்லுல விழற நிழல யாரு நெனச்சா?"

"இத ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"எல்லாரும் பலகையப் பத்தியேதான பேசினாங்க. படத்தப் பத்தி யாரும் கேக்கல." பிஸ்கட் உறையை மடித்தான், இன்னும் மடித்தான். "அந்தக்கா எனக்கு டீ வாங்கிக் குடுத்திருக்காங்க. நேத்து அவங்க கீழ எறங்கி வர்றப்போ நான் வண்டிக்குள்ளயே இருந்தேன். வெளிய வரல."

"சாயந்திரம் குழு முன்னாடி வந்து சொல்றீங்களா?"

"என் வேல போயிடும் சார். நீங்க என்ன காட்டிக் குடுத்தாலும் இல்லன்னுதான் சொல்லுவேன். மன்னிச்சுக்குங்க."

துப்பறிவாளர் இறங்கப் போனவர் திரும்பினார். "இந்தச் சோதனை கிளப்புல யாருக்காவது தெரியுமா?"

"அனுமதி குடுத்தவருக்குத் தெரியும். செயலாளருக்கு."

வெளியே வெயில் ஏறியிருந்தது. துப்பறிவாளர் வேனின் நிழலில் நின்றார். பலகையை இயக்கியவள் சதி செய்தாள் என்று நிரூபணமானால் கால்பந்துச் சங்கம் அரையிறுதியை மறுபடி நடத்தும். தோற்ற அணிக்கு இன்னொரு ஆட்டம். தொலைக்காட்சிப் படத்தில் கோளாறு என்றால் எதுவும் கிடைக்காது. செயலாளர் தன்னை அழைத்தபோது எவ்வளவு மரியாதையாகக் காபி கொடுத்தார் என்பது நினைவுக்கு வந்தது.

"அண்ணே, அவருக்கு வேண்டியிருந்தது துப்பறியறவன் இல்ல. நல்லாப் பேசற ஆளு."

"அதுல ஏமாத்தலையே நீங்க" என்ற கண்டக்டர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி. விடுங்க. எறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிட்டோம். நடந்தே திரும்பிடலாம்" என்றார்.

*

பத்தாம் நம்பர், காலணிகள் வைக்கும் அறையில் தனியாக இருந்தான். பயிற்சிக்குப் போகவில்லை. சுத்தமாக இருந்த ஒரு காலணியையே தேய்த்துக்கொண்டிருந்தான். இருபதைத் தாண்டிச் சில வருடங்கள் இருக்கும். சுவரொட்டிகளில் இருந்ததைவிட ஒல்லியாகத் தெரிந்தான்.

"நான்தான் எல்லாம் சொல்லிட்டேனே சார். கண்ணு கூசிடுச்சு."

துப்பறிவாளர் வாய் திறக்கும் முன் கண்டக்டர் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "கேஸ் கிடக்குது விடு தம்பி. ரசிகனா ஒண்ணு கேக்கறேன். என் பொண்டாட்டிக்கும் எனக்கும் வீட்டுல சண்ட. நீ ஒதைச்சப்போ கோல்கீப்பர் எந்தப் பக்கம் பாஞ்சான்? நான் இடதுன்னு சொல்றேன், அவ வலதுங்கறா."

"இடதுதாண்ணே. உங்க பக்கம்தான் ஜெயம்."

அறையில் தண்ணீர்க் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

"அவன் பாயவே இல்ல தம்பி" என்றார் கண்டக்டர். அவர் குரலில் கிண்டல் இல்லை. "நட்டுவச்ச கம்பம் மாதிரி நடுவுலயே நின்னான். ஊருக்கே தெரியும். உனக்கு மட்டும் தெரியல."

தேய்க்கும் துணி நின்றது.

"நான் அந்த வீடியோவ பாக்கல" என்றான். "பாக்க முடியல."

"வீடியோவ விடு. நேர்ல நீதான அவன் முன்னாடி இருந்த?" என்றார் துப்பறிவாளர்.

அவன் காலணியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் நாடாவை விரலில் சுற்றினான். காது, கழுத்து எல்லாம் சிவந்துவிட்டன.

"கண்ண மூடிட்டேன் சார். ஓட ஆரம்பிச்சதுமே மூடிட்டேன். பெனால்டின்னா எனக்கு எப்பவும் அப்படித்தான். சின்ன வயசுலேருந்து. இதுவரைக்கும் உள்ள போயிட்டதால யாரும் கவனிக்கல. பத்தாம் நம்பர் போட்டவன் பயந்து கண்ண மூடிக்கறான்னு யாருகிட்ட சொல்றது? அன்னிக்கு உள்ள வந்து தலைய தொங்கப்போட்டு உக்காந்திருந்தேன். செயலாளர் வந்து தோள்ல தட்டி, 'போர்டு வெள்ளையாயிடுச்சுப்பா, உன் மேல தப்பில்ல'ன்னாரு. நான் தலைய ஆட்டினேன். அவ்வளவுதான். ஒரே ஒரு தடவ தலைய ஆட்டினேன்."

"அந்த ஒரு ஆட்டுக்குத்தான் ஒரு குடும்பமே ஆடிப்போச்சு" என்றார் கண்டக்டர்.

துப்பறிவாளர் அவரைக் கையமர்த்தினார். எதிரே உட்கார்ந்திருந்தவன் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படும் தகுதியும் தனக்கில்லை என்று பட்டது. இவன் தலையை மட்டும் ஆட்டினான். தான் எழுந்து நின்று பேசியிருந்தார்.

"இத நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். "என்கிட்ட புல்லு இருக்கு, அத வச்சுப் பாக்கறேன். ஆனா சாயந்திரம் நீ மைதானத்துக்கு வா. கோல் பக்கம் நில்லு. அது போதும்."

*

செயலாளரைச் சம்மதிக்க வைப்பது சுலபமாக இருந்தது. "அந்த வெளிச்சம் எவ்வளவு கொடுமையா இருந்துச்சுன்னு குழு நேர்ல பாக்கட்டும் சார். அந்தம்மா கையாலேயே அழுத்தட்டும்" என்று துப்பறிவாளர் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "இதுக்குத்தான் உங்கள மாதிரி ஆளு வேணும்கறது" என்றார். அன்றுபோலவே இருக்கட்டும் என்று புல்லுக்குத் தண்ணீர் விடவும் உத்தரவிட்டார்.

பொழுது மங்கும் நேரத்தில் நிர்வாகக் குழுவினர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஈரப் புல்லில் வந்து நின்றார்கள். கோல் வலைக்குப் பின்னால் பலகை கருப்பாகப் படுத்திருந்தது. ரசிகர் சங்கத்தின் சார்பில் போர்டு அக்காவின் அப்பாவும் வந்திருந்தார். அணியின் பழைய மஞ்சள் சால்வையைக் கழுத்தில் போடாமல் கையில் சுருட்டி வைத்திருந்தார். பத்தாம் நம்பர் எல்லோருக்கும் பின்னால், தரையைப் பார்த்தபடி நின்றான்.

போர்டு அக்கா மேலே தன் அறையில் இருந்தாள். தூண் மறைத்ததால் இவர்கள் யாரும் அவளுக்குத் தெரியவில்லை. துப்பறிவாளர் கையில் ஒரு வாக்கி-டாக்கி இருந்தது.

"அம்மா, முதல்ல மெத்தைய போடுங்க."

பலகை கரும் நீலமானது. மஞ்சள் நிலா எழுந்தது. அதன் அடியில் ஈரப் புல்லும் நீலமானது.

"இப்போ வெள்ள."

வெள்ளை வந்தது. எல்லோர் கையும் ஒரே நேரத்தில் கண்ணுக்குப் போனது. வலையின் ஒவ்வொரு நூலும் தெரிந்தது. கம்பங்களின் நிழல் புல்லில் நீண்டு, பெனால்டிப் புள்ளியைத் தாண்டிப் போனது. புல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்றார் செயலாளர். "இதுல எவன் ஒதைப்பான்?"

"கீழ பாருங்க சார்" என்றார் துப்பறிவாளர். "புல்லு வெள்ளையா இருக்கு. கம்பத்துக்கு நிழல் இருக்கு. இப்போ அன்னிக்கு டிவியில வந்தத பாருங்க." கைப்பேசியை ஒவ்வொருவரிடமும் காட்டினார். "இதுல கம்பத்துக்கு நிழலே இல்ல. புல்லு நீலம். அன்னிக்கு பலகைல மெத்தைதான் இருந்துச்சு. வெள்ள, டிவிக்காரங்க மேல ஒட்டின படம். அதுக்கு அனுமதி குடுத்தவரு உங்க செயலாளர்."

செயலாளரின் மலர்ச்சி ஓரங்களில் காய்ந்தது. "நேத்து இவரேதான் அந்தம்மா பண்ணினாங்கன்னு சொன்னாரு. இன்னிக்கு புல்லு, பூச்சின்னு கதை விடறாரு. எந்தப் பேச்ச நம்பறது? போன்ல கலர் முன்னபின்ன இருக்கும்ங்க."

குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொரு ஆட்டம் வேண்டும் என்ற ஆசை அவர்கள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. நேற்றைய பேச்சு இவ்வளவு நன்றாக வேலை செய்திருக்க வேண்டாம் என்று துப்பறிவாளர் நினைத்தார். தன் வாயால் கட்டிய சுவரில் தானே முட்டிக்கொண்டு நின்றார்.

அப்போது பத்தாம் நம்பர் நடந்து வந்தான். யாரையும் பார்க்காமல் பெனால்டிப் புள்ளியில் போய், பலகையைப் பார்த்து நின்றான். வெளிச்சம் அவன் முகத்தில் அடித்தது. அவன் கண்களை மூடினான்.

"மூடினாலும் தெரியுது" என்றான். "செவப்பா தெரியுது. இமைக்குள்ள வருது."

"என்னப்பா சொல்ற?" என்றார் செயலாளர்.

"அன்னிக்கு வரல சார். அன்னிக்கு உள்ள இருட்டா இருந்துச்சு." கண்ணைத் திறக்காமலே சொன்னான். திறந்தால் சொல்ல முடியாது என்பதுபோல. "நான் கண்ண மூடிக்கிட்டுத்தான் ஒதைச்சேன். பயத்துல. எப்பவும் அப்படித்தான். வெள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. கூசிச்சுன்னு சொன்னது பொய். அந்தக்கா மேல தப்பில்ல. நான் மோசமா ஒதைச்சேன்."

யாரும் ஒதுங்கி நிற்க நிழல் இல்லை. வெளிச்சம் எல்லோர் முகத்தையும் ஒன்றுபோல் காட்டியது. செயலாளர் முதலில் கண்ணைத் தாழ்த்தினார். குழுவினர் தங்கள் நனைந்த காலணிகளை ஆராய்ந்தார்கள்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. "சார், இங்க ஒண்ணும் தெரியல. தூண் மறைக்குது. என்ன ஆச்சு?"

துப்பறிவாளர் அதை வாய்க்கருகே கொண்டுபோனார். இந்தமுறை எந்த வாக்கியமும் தயாராக இல்லை.

"அம்மா, நான்தான் பேசறேன். இங்க எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்க. நீங்க அன்னிக்கு சரியாத்தான் அழுத்தினீங்க. மெத்தைதான் இருந்துச்சு. உங்க விரல் தவறல. நேத்து நான் சொன்னது... நான் உங்க கைய காட்டிச் சொன்னது தப்பு. விசாரிக்காம சொன்னேன். பேசறதுல இருந்த ஆசையில சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க."

பதில் வரவில்லை. கண்டக்டர் வழக்கமாக இந்த மாதிரி இடைவெளிகளில் ஒரு நகைச்சுவையை ஏற்றிவிடுவார். இப்போது சட்டைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

மேலிருந்து குரல் வந்தது. "மெத்தைதான் இருந்துச்சா?"

"ஆமாம்மா."

"அப்பா அங்க இருக்காரா?"

துப்பறிவாளர் வாக்கி-டாக்கியை நீட்டினார். முதியவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். வாயருகே வைத்து ஏதோ பேசினார். குரலே வெளியே போகவில்லை.

"அழுத்திட்டுப் பேசணும் ஐயா" என்றார் கண்டக்டர் மெல்ல. "பக்கத்துல ஒரு பட்டன் இருக்கு பாருங்க."

முதியவரின் கட்டைவிரல் பட்டனைத் தேடியது. கண்டுபிடித்தது. அழுத்தினார். சால்வை ஒரு கையிலிருந்து நழுவி ஈரத்தில் விழுந்தது. வெள்ளை வெளிச்சம் அவர் கண்ணீரை யாருக்கும் மறைக்காமல் காட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா?" என்றது வாக்கி-டாக்கி, அவர் விரலை எடுத்ததும்.

மறுபடி அழுத்தினார்.

"அந்த வெள்ளைய அணைச்சிடும்மா" என்றார். "நிக்க முடியல."

ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு பலகை நீலமானது. மஞ்சள் நிலா எழுந்தது. அவரவர் முகம் அவரவருக்கே திரும்பக் கிடைத்தது.